கையெழுத்து போட்டால் பயிற்சி முடிந்ததா? புது ஆட்களின் உயிரோடு விளையாடும் "சேப்டி கிளாஸ்" - ஓர் அலசல்

மீஞ்சூர்:-

கட்டிட வேலைக்கும், அனல்மின் நிலைய வேலைக்கும் புதிதாக வரும் ஆட்களுக்கு வேலையை தொடங்கும் முன்பே பாதுகாப்பு பயிற்சி கொடுக்க வேண்டும். இது சட்டம். கொடுத்து விட்டோம் என்று ரிஜிஸ்டர் சொல்கிறது. அந்த ரிஜிஸ்டரில் கையெழுத்தும் இருக்கிறது, கைரேகையும் இருக்கிறது.

ஆனால் பயிற்சி எடுத்த ஆளை கூப்பிட்டு, "சாரத்தில் தொங்குகிற பச்சை அட்டை எதுக்குப்பா?" என்று கேட்டுப்பாருங்கள். பல பேருக்கு பதில் தெரியாது. பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

9 பேர் பலி

எண்ணூர் சிறப்பு பொருளாதார மண்டல அனல்மின் நிலைய கட்டுமான பணியின்போது கடந்த 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி உயரத்தில் இருந்த இரும்பு சாரம் சரிந்தது. 9 தொழிலாளர்கள் பலியானார்கள். அசாம் பக்கத்தில் இருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள் அவர்கள். உடல்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கிருந்து ஊருக்கு போனது.

முதல்-அமைச்சர் ரூ.10 லட்சம் அறிவித்தார். பிரதமர் ரூ.2 லட்சம் அறிவித்தார். தலைவர்கள் இரங்கல் தெரிவித்தார்கள். நாலு நாள் டி.வி.யில் ஓடியது. அதன் பிறகு வழக்கம்போல எல்லாம் அடங்கிவிட்டது.

பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரம் இன்றைக்கு கரண்டு தயாரிக்கும் பூமியாகவே மாறிவிட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் மட்டும் 630 மெகாவாட், 1,200 மெகாவாட் என்று இரண்டு நிலைகள் ஏற்கனவே உண்டு. 800 மெகாவாட் கொண்ட மூன்றாவது நிலை 2024 மார்ச் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட். எண்ணூர் சிறப்பு மண்டலத்தில் 1,320 மெகாவாட் திட்டம்.

இவ்வளவையும் கட்டியது யார் என்று பார்த்தால் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆட்கள்தான் பெரும்பாலும். கூடவே ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்து ஆட்கள். நம்ம ஊர் வெல்டர், பிட்டர், கம்பி கட்டுறவங்களும் உண்டு.

வயலில் நாற்று நட்டவர், செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், நேற்று வரை ஆடு மேய்த்தவர் என்று பலரும் இரண்டு, மூன்று நாள் ரெயிலில் உட்கார்ந்து வந்து இறங்குகிறார்கள். பத்து மாடி உயரத்தை அவர்கள் முதல் முறையாக பார்ப்பதே வேலைக்கு ஏறும் அன்றைக்குத்தான்!

முதல் மாதம்தான் ஆபத்து

புது ஆளுக்கு ஆபத்து அதிகம் என்பது மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் உள்ள வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் பல ஆண்டு காயக் கணக்குகளை வைத்து இதை அளந்தே சொல்லியிருக்கிறது. ஒரு வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்கு, அதே வேலையில் ஓராண்டுக்கு மேல் இருப்பவரை விட காயம் படும் ஆபத்து 3 மடங்குக்கும் அதிகம் என்கிறது அந்த ஆய்வு.

இதில் வயது ஒரு பொருட்டு இல்லை. 45 வயது ஆளாக இருந்தாலும் புது இடத்துக்கு புதுசுதான். எந்த பக்கம் கிரேன் திரும்பும், எந்த பலகை ஆடும், எந்த ஒயரில் கரண்டு ஓடுது என்பது பழக பழகத்தான் தெரியும். பழகுவதற்குள் ஆள் இருக்க வேண்டுமே!

கட்டுமான வேலையில் இன்னொரு சிக்கல். ஒரு சைட்டில் அஸ்திவாரம் முடிந்தால் வேறு சைட். பாய்லர் வேலை முடிந்தால் வேறு ஊர். அதனால் இங்கே ஆள் எப்போதும் புது ஆள்தான். 10 வருட அனுபவம் உள்ளவரும் வருடத்தில் மூன்று, நான்கு முறை "முதல் மாத" ஆபத்தில் நிற்கிறார்.

கேட்டில் நடப்பது என்ன?

பெரிய சைட்டுகளில் நடைமுறை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆதார் நகல், போட்டோ, மெடிக்கல், பிறகு ஒரு ஷெட்டில் உட்கார வைத்து வீடியோ. கேட் பாஸ் கையில் வந்ததும் ஹெல்மெட், ஷூ, பெல்ட். இதற்கு "இண்டக்சன்" என்று பெயர். ஒழுங்காக நடத்தும் கம்பெனிகள் உண்டு, அதை மறுக்க முடியாது. சில இடங்களில் பெல்ட்டை மாட்டி ஆளை தொங்கவிட்டு காட்டுகிறார்கள்.

ஆனால் வெயில் காலத்தில் தகர ஷெட்டில் 60 பேரை உட்கார வைத்து, தெரியாத மொழியில் ஒரு வீடியோவை ஓட்டினால் என்ன நடக்கும்? ரெயில் களைப்பில் பாதி பேர் தூங்குவார்கள். மீதி பேர் செல்போன் பார்ப்பார்கள். முடிந்ததும் வரிசையாக கையெழுத்து. அவ்வளவுதான், "பயிற்சி பெற்ற தொழிலாளி" ரெடி!

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் நிற்க வைத்து பேசுவது இன்னொன்று. "டூல் பாக்ஸ் டாக்" என்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் ஸ்கூல் பிரேயர் மாதிரி ஆகிவிட்டது. முன் வரிசைக்கு மட்டும் கேட்கும். பின் வரிசை தலையாட்டும்.

மொழி விஷயத்தில் நாம் ஒரு தப்புக்கணக்கு போடுகிறோம். வடக்கே இருந்து வந்தவர் என்றால் எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று நினைப்பு. அசாமில் இருந்து வருகிறவர் வீட்டில் பேசுவது அசாமியாக இருக்கலாம், போடோவாக இருக்கலாம், கார்பியாக இருக்கலாம். ஒடிசாக்காரருக்கு ஒடியா, ஸ்ரீகாகுளம்காரருக்கு தெலுங்கு. கடையில் பேரம் பேசும் அளவுக்கு இந்தி தெரிவது வேறு. "கொக்கியை தலைக்கு மேலே இருக்கிற கம்பியில் மாட்டு, காலுக்கு கீழே மாட்டாதே" என்பதை புரிந்து கொள்ளும் அளவுக்கு தெரிவது வேறு.

சிங்கப்பூரில் நம்மாளுக்கு தமிழில்

இந்த இடத்தில் ஒன்றை ஒப்பிட்டு பார்க்க வேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், கடலூர் பக்கத்தில் இருந்து நம்ம பிள்ளைகள் சிங்கப்பூருக்கு கட்டிட வேலைக்கு போகிறார்கள். அங்கே போய் இறங்கியதும் கட்டாயமாக ஒரு பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். "சேப்டி கோர்ஸ்" என்று ஊரில் சொல்வார்களே, அதுதான்.

அந்த வகுப்பு தமிழிலும் நடக்கிறது. வங்காளிக்கு வங்காள மொழியில், சீனருக்கு சீன மொழியில். கேட்டுவிட்டு கையெழுத்து போட்டால் மட்டும் முடியாது. தேர்வு உண்டு. பாஸ் ஆகாமல் அந்த வேலையில் தொடர முடியாது, பெர்மிட்டுக்கே ஆபத்து. அந்த பாஸ் காலாவதியாவதும் உண்டு, திரும்ப வகுப்புக்கு போக வேண்டும்.

அதாவது பட்டுக்கோட்டைக்காரர் கடல் தாண்டி போனால் அவருடைய தாய்மொழியில் பாடம் சொல்லி பரீட்சை வைக்க ஒரு நாடு தயாராக இருக்கிறது. நம் நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்தவருக்கு அவர் மொழியில் சொல்ல நமக்கு ஆள் இல்லையாம்!

சிங்கப்பூர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கேயும் சாகிறார்கள். 2022-ம் ஆண்டு வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். ஆனால் அதற்கு பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் 2023 மே வரை விசேஷ கெடுபிடி போட்டார்கள். பெரிய விபத்து நடந்து, கோளாறு இருப்பது தெரிந்தால் அந்த கம்பெனி மூன்று மாதம் வரை புதிதாக வெளிநாட்டு ஆட்களை எடுக்க முடியாது என்று தடை. கான்டிராக்டருக்கு இதைவிட வலிக்கும் இடம் வேறு இருக்கிறதா? 2023-ல் பலி எண்ணிக்கை 36 ஆக குறைந்தது.

வகுப்பு மட்டும் நடத்திவிட்டு விட்டுவிடவில்லை. மேலே இருப்பவர் பாக்கெட்டிலும் கை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

எதை சொல்லித்தர வேண்டும்?

நம்ம ஊர் வகுப்புகளில் "பாதுகாப்பே முதன்மை" என்று சுவரில் எழுதியிருக்கும். அதை படித்து யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது. புது ஆளுக்கு தெரிய வேண்டியது சின்ன சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் உயிர் விஷயம்.

முதலில் சொன்ன பச்சை அட்டை. சாரம் கட்டி முடித்ததும் தெரிந்த ஒருவர் சோதித்து பார்த்து, ஏறலாம் என்றால் பச்சை அட்டை மாட்டுவார். சிவப்பு என்றால் ஏறக்கூடாது. அட்டையில் சோதித்த தேதி இருக்கும். எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆள் எதை படிப்பார்? நிறத்தையாவது சொல்லித்தர வேண்டாமா?

அடுத்தது பெல்ட். இடுப்பில் கட்டும் பழைய பெல்ட் போய், உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட் வந்து பல வருடமாகிறது. அதில் இரண்டு கயிறு, இரண்டு கொக்கி எதற்கு? ஒன்றை கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். நகரும்போதும் ஒரு நொடி கூட மாட்டாமல் இருக்கக்கூடாது. இதை சொல்லாமல் கொடுத்தால் ஒரு கொக்கியை மட்டும் மாட்டிவிட்டு, இன்னொன்றை வாலாக தொங்க விடுவார்கள். சைட்டுகளில் தினமும் பார்க்கும் காட்சி இது. தண்ணீர் பைப்பிலும், கேபிள் போகும் தட்டிலும் கொக்கியை மாட்டுகிறவர்களும் உண்டு. விழுகிற ஆளின் வேகத்தை அந்த பைப் தாங்காது.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் மைல் கணக்கில் ஓடும். அதன் ஓரமாகவே ஒரு கயிறு போகும். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஆபத்துக்கு என்றே வைத்தது. சட்டை சிக்கிய ஆளை காப்பாற்ற பக்கத்தில் நிற்பவர் அந்த கயிற்றை இழுத்தால் போதும். ஆனால் அது எதற்கான கயிறு என்று தெரியாத புது ஆள் என்ன செய்வார்? கையை பிடித்து இழுப்பார். அவரும் சேர்ந்து போவார்.

பங்கர், டாங்க், பாய்லர் உள்பக்கம் போன்ற மூடிய இடங்கள் இன்னும் மோசம். தேங்கிக்கிடக்கும் நிலக்கரி தானாகவே புகைய ஆரம்பிக்கும். அதில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே போனவர் மயங்கி விழுவார். என்னாச்சு என்று பார்க்க இறங்கியவரும் விழுவார். செப்டிக் டேங்க் சாவுகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பேர் போவது இப்படித்தான். "காற்றை சோதிக்காமல் இறங்காதே, ஒருத்தன் விழுந்தால் நீ குதிக்காதே, வெளியே இருந்து கத்து" - இந்த மூன்றும் மனதில் பதிய வேண்டும். மனித சுபாவம் குதிக்கத்தான் சொல்லும். அதனால்தான் பயிற்சி என்பதே தேவைப்படுகிறது.

மின்வாரியத்தில் 2021-ம் ஆண்டு 9 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கேங்மேன்களாக சேர்க்கப்பட்டார்கள். குழி தோண்டுவதும், கம்பம் நடுவதும் அவர்கள் வேலை. ஆனால் ஆள் பற்றாக்குறையால் கம்பம் ஏறி லைன் வேலையும் பார்க்க வைக்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் புகார் சொல்லி வந்தன.

லைனில் வேலை பார்க்க "எல்.சி." வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். லைனை ஆப் செய்து கொடுத்தோம் என்பதற்கான உத்தரவாதம் அது. ஆனால் எல்.சி. வாங்கினால் மட்டும் போதாது. மழை நாளில் தெருவே இருட்டாக கிடக்கும்போது ஏதோ ஒரு வீட்டிலோ, மண்டபத்திலோ ஜெனரேட்டரை தப்பாக இணைத்திருந்தால், அங்கிருந்து கரண்டு திரும்பி வந்து லைனில் நிற்பவரை அடிக்கும். அதற்காகத்தான் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போட வேண்டும். அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை அதுதான். மின்தடை என்றதும் ஆபீசுக்கு போன் போட்டு திட்டுகிற நாமும் அந்த அவசரத்தில் ஒரு காரணம்.

நாள் சம்பளம் யார் தருவது?

ஏன் ஒழுங்காக நடப்பதில்லை என்று கேட்டால், காசுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

வேலைக்கு சொந்தக்காரர் ஒரு பெரிய கம்பெனிக்கு கொடுக்கிறார். அவர் சப்-கான்டிராக்டருக்கு கொடுக்கிறார். அவர் லேபர் சப்ளைகாரரிடம் ஆள் கேட்கிறார். அவர் ஊரில் இருக்கும் ஏஜெண்டுக்கு போன் போடுகிறார். நாலு கை மாறி வந்த ஆளுக்கு பயிற்சி கொடுக்க வேண்டியவர் யார்? மேலே உள்ளவர் கீழே கையை காட்டுவார். கீழே உள்ளவருக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஆள் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் அந்த நாள் கமிஷன் போச்சு.

தொழிலாளிக்கும் அதே கதைதான். பல இடங்களில் வகுப்பில் இருக்கும் நாளுக்கு கூலி இல்லை, அல்லது தெளிவாக சொல்வதில்லை. ஊரில் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வந்தவர், கூலி இல்லாத நாளை எப்படி பொறுப்பார்? சீக்கிரம் முடிங்க சார் என்பார். அவரை குறை சொல்ல முடியாது.

நெய்வேலி பக்கம் போனால் ஒரு வித்தியாசம் தெரியும். சுரங்கத்துக்குள் வேலைக்கு போகிறவருக்கு தொழிற்பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று 1966-ம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்துவிட்டன. பயிற்சிக்கென்று மையம், சொல்லித்தர ஆள், நாள் கணக்கு எல்லாம் அதில் உண்டு. சுரங்கத்தில் இறங்க சான்றிதழ் வேண்டும். ஆனால் 15 மாடி சாரத்தில் ஏற அப்படி ஒரு பொதுவான சான்றிதழ் கிடையாது! ஒரு சைட்டில் கற்றுக்கொண்டதற்கு அடுத்த சைட்டில் காட்ட கையில் ஒரு அட்டை கூட இல்லை.

கட்டிடம் கட்டும் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்கு என்று வசூல் ஆகிறது. ஒரு கோடி ரூபாய் கட்டிடம் என்றால் ஒரு லட்சம். தமிழ்நாட்டில் கட்டுமான தொழிலாளர் நலவாரியம் 1994-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் இப்படி வசூலான பணம் சரியாக செலவாகவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு கடுமையாக கண்டித்ததும் நினைவிருக்கும். திருமண உதவி, கல்வி உதவி, ஓய்வூதியம், இறந்தால் நிதி - எல்லாம் தேவைதான். ஆனால் செத்த பிறகு கொடுப்பதில் ஒரு பங்கை, சாகாமல் இருக்க ஒரு நாள் பயிற்சிக்கும், அந்த நாள் கூலிக்கும் கொடுத்தால் என்ன?

பயிற்சியே சாக்காகி விடக்கூடாது

இதில் எதிர்பக்கமும் ஒன்று உண்டு. விபத்து நடந்ததும் "நாங்க டிரெயினிங் கொடுத்தோம், அந்த ஆளுதான் பெல்ட் போடலை" என்று ரிஜிஸ்டரை தூக்கி காட்டுவது. செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது. பயிற்சி ரிஜிஸ்டரை தொழிலாளியை காப்பாற்ற வைத்திருக்கிறார்களா, கம்பெனியை காப்பாற்ற வைத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் அப்போதுதான் வரும்.

மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா? 2014 ஜூன் 28-ந்தேதி சனிக்கிழமை மாலை 11 மாடி கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டு தொழிலாளர்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு 11 மாடி கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்து தகர்த்தார்கள். அந்த 61 பேரும் ஆயிரம் மணி நேரம் பயிற்சி எடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்கள். கட்டிடமே சரியில்லை என்றால் தலையில் ஹெல்மெட் இருந்து என்ன?

நெய்வேலி 2-வது அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-ந்தேதி ஒரு பாய்லர் விபத்து. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, ஜூலை 1-ந்தேதி இன்னொரு பாய்லர் வெடித்து அன்றே 6 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 2024 டிசம்பர் 19-ந்தேதி நிலக்கரி பங்கர் சரிந்து ஒப்பந்த தொழிலாளர்கள் 2 பேர் பலியானார்கள். இதெல்லாம் எந்திரத்தையும், கட்டமைப்பையும் பராமரிக்க வேண்டியவர்களின் கணக்கு. கீழே நின்ற கூலி ஆளின் கணக்கு இல்லை.

எண்ணூரிலும் அப்படித்தான். சாரமே சரியும்போது அதில் மாட்டிய கொக்கியால் என்ன பயன்?

அப்படியென்றால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி கேட்க சொல்லித்தருவதற்கு. "இந்த சாரத்தை யார் பார்த்தது? பச்சை அட்டை எங்கே? காற்றை சோதித்தாச்சா? எல்.சி. எங்கே?" என்று கேட்க தெரிந்த ஆள், கேட்டாலும் வேலை போகாது என்று தெரிந்த ஆள் நாலு பேர் ஒரு சைட்டில் இருந்தால் சூப்பர்வைசர் கொஞ்சம் யோசிப்பார். இப்போது நடக்கும் வகுப்புகளில் "இதை செய்யாதே, அதை செய்யாதே" என்பதுதான் இருக்கிறது. "ஆபத்து என்று பட்டால் நீ ஏற மாட்டேன் என்று சொல்லலாம்" என்பதை எந்த வீடியோவில் காட்டுகிறார்கள்?

புது சட்டம் சொல்வது

1996-ம் ஆண்டின் கட்டுமான தொழிலாளர் சட்டத்துக்கு பதிலாக, 2020-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறிய பணியிட பாதுகாப்பு சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. ஆபத்து இருப்பதாக நியாயமான பயம் இருந்தால் முதலாளியிடம் தெரிவிக்கலாம், பாதுகாப்பு பற்றிய தகவலை கேட்டு வாங்கலாம் என்று தொழிலாளிக்கு அதில் உரிமை உண்டு. வேலை நியமன கடிதம் கொடுக்க வேண்டும். விதிமீறலால் சாவு நடந்தால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.5 லட்சத்துக்கு குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்கு குறையாமல் குடும்பத்துக்கு கொடுக்க கோர்ட்டு உத்தரவிடலாம்.

சேப்டி ஆபீசர் விஷயத்திலும் மாற்றம் உண்டு. பழைய சட்டத்தில் 500 தொழிலாளர்கள் இருந்தால்தான் அவர் கட்டாயம். புதிய சட்டத்தில் கட்டுமான வேலைக்கு 250 பேர் என்று குறைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 240 பேர் வேலை செய்யும் இடத்தில் யார் பார்ப்பது? 40 பேர் வேலை செய்யும் அபார்ட்மெண்டில்? 8 பேர் வேலை செய்யும் நம்ம பக்கத்து வீட்டில்?

பெரிய சைட்டில் 9 பேர் செத்தால் செய்தி. தெருவில் நடக்கும் வீட்டு வேலையில் ஒரு கொத்தனார் விழுந்தால் உள்ளூர் பக்கத்தில் நாலு வரி. திருவள்ளூர் மாவட்ட போலீஸ் நிலையங்களில் அந்த நாலு வரிக்காக போய் நின்றவர்களுக்கு தெரியும். எப்.ஐ.ஆரை பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். கம்பியை மேலே தூக்கும்போது மாடியை ஒட்டி போன மின்கம்பியில் பட்டது. லிப்ட் குழியை பலகை போட்டு மூடாமல் விட்டது. டிரில்லிங் மெஷின் ஒயர் தண்ணீரில் கிடந்தது. சித்தாள் வேலை பார்த்த பெண்ணின் சேலை முந்தானை மிக்சர் மெஷினில் சிக்கியது. குழி தோண்டும்போது மண் சரிந்தது. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பு வரை மூடினாலே மூச்சு விட முடியாது.

இந்த இடங்களுக்கு ஆபீசரும் வர மாட்டார், வீடியோவும் வராது. இங்கே பயிற்சி என்றால் மேஸ்திரிதான், இல்லாவிட்டால் வீட்டுக்காரர்தான். தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவு தடுப்பு சுவிட்ச் மாட்டுவதற்கு ஆகும் செலவு, கிரகப்பிரவேச பத்திரிகை செலவை விட குறைவாகத்தான் இருக்கும். மாடி பக்கத்தில் மின்கம்பி போனால் வேலை தொடங்கும் முன் மின்வாரிய ஆபீசில் மனு கொடுக்கலாம். தொழிலாளி நலவாரிய அட்டை வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லையென்றால் பதிவு செய்ய சொல்லலாம்.

தினமும் காலையில் ஆட்கள் வந்ததும் மேஸ்திரியிடம் "இன்னைக்கு புதுசா யாரு வந்திருக்காங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டு பழகினால் நல்லது. அந்த ஆளுக்கு முதல் இரண்டு நாள் தரையில் வேலை கொடுக்க சொல்லுங்கள். லிப்ட் குழி எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்த பக்கம் மின்கம்பி போகிறது என்று ஒரு சுற்று கூட்டிப்போய் காட்ட சொல்லுங்கள். பிறகு அவரையே திரும்ப காட்ட சொல்லுங்கள். இதற்கு இந்தியும் தேவையில்லை, ஒடியாவும் தேவையில்லை. கை காட்டினாலே போதும். கால் மணி நேரம் கூட ஆகாது.